வடசென்னை மணலுக்கு யார் கணக்கு வைப்பது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "மெட்ரோ வேலை நடந்த காலத்தில் எங்கள் தெரு வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது. துறைமுகம், கடலோரச் சாலை என்று வடசென்னையில் எந்தப் பெரிய வேலையை எடுத்தாலும் ஒன்று இழுத்துக்கொண்டே போகிறது, இல்லையென்றால் முடிந்த பிறகு வேறொரு தொல்லை முளைக்கிறது. இங்கே மட்டும் ஏன் இப்படி? என் பெண் சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நம் ஊரிலேயே அவளுக்கு எதைக் காட்டிச் சொல்லித்தரலாம்?"

சுருக்கமாகச் சொன்னால், காரணம் மணலும் தண்ணீரும். கிண்டிப் பக்கம் சில மீட்டர் தோண்டினால் பாறை தட்டும். நம் பக்கம் தோண்டத் தோண்ட மணல், வண்டல், களிமண், மறுபடி மணல் என்று மாறி மாறி வரும். ஆறடி, எட்டடியிலேயே தண்ணீர் நிற்கும். நான் முப்பது வருடமாக மண் பரிசோதனை வேலையில் இருக்கிறேன். கட்டடம் எழும்புவதற்கு முன் போர் போட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் தொழில். அந்த அனுபவத்தில் நீளமாகவே பதில் எழுதுகிறேன். உங்கள் பெண்ணும் படிப்பாள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு கிணற்றுக் கதை. நான் பிறந்து வளர்ந்தது காலடிப்பேட்டை. முந்நூறு வருடத்துக்கு முன் காலெட் என்ற கவர்னர் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம், அவர் பேர்தான் மருவிக் காலடிப்பேட்டை ஆனது. என் சிறுவயதில் எங்கள் வீட்டுக் கொல்லையில் உறைகிணறு இறக்கினார்கள். மணல் பூமியில் கிணறு வெட்டுவது எப்படி என்று தெரியும் அல்லவா? குழி தோண்டிவிட்டுச் சுவர் கட்ட முடியாது, தோண்டும்போதே சரிந்துவிடும். அதனால் முதலில் உறையைத் தரையில் வைத்து, ஆள் உள்ளே இறங்கி மண்ணை அள்ளுவார். அள்ள அள்ள உறை தன் எடையிலேயே கீழே இறங்கும். மேலே அடுத்த உறையை ஏற்றுவார்கள்.

தண்ணீர் தட்டியதும் பெரியவர் ஒருவர் நீருக்குள்ளேயே மூழ்கி மணலை வாரிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு முழம்தான் இறங்கியது. இது வேலைக்காகாது என்று அவரை அனுப்பிவிட்டு வேறு ஆளை அழைத்து வந்தார்கள். அவர் மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்துவிட்டு, காய்ந்த கிணற்றில் வசதியாகத் தோண்டலாம் என்றார். இறைத்தார்கள். கிணற்றின் அடியிலிருந்து மணல் பொங்கி மேலே வந்தது, பால் பொங்குவது போல. அள்ளின அளவுக்கு மணல் வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மதில் நெடுக வெடித்துவிட்டது. நாங்கள் அள்ளிக் கொட்டியது அவர்கள் வீட்டு அடி மணல்.

உள்ளே தண்ணீரை இறைத்தால் வெளியே நிற்கும் தண்ணீர் அடிவழியாக உள்ளே பாயும், பாயும்போது மணலையும் கூட்டிக்கொண்டு வரும். முதலில் வந்த பெரியவர் அது தெரிந்துதான் தண்ணீரை இறைக்காமலேயே மூழ்கி மூழ்கி வேலை பார்த்தார். உள்ளேயும் வெளியேயும் நீர் ஒரே மட்டத்தில் நின்றால் மணல் நகராது. வடசென்னையில் நிலத்துக்கடியில் செய்கிற எந்த வேலைக்கும் இதுதான் அடிப்படை. கோடிக்கணக்கில் விலை போகிற சுரங்க இயந்திரமும் அந்தப் பெரியவர் செய்ததைத்தான் செய்கிறது.

இது நம்மவர்களுக்குப் புதிய அறிவும் இல்லை. கீழடியில் சுடுமண் உறைகிணறு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். நமக்கு இன்னும் பக்கத்தில், திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டரைப்பெரும்புதூர் அகழாய்விலும் உறைகிணறு கிடைத்திருக்கிறது. ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணை கட்டிய பழைய ஆட்களிடம்தான் கற்றுக்கொண்டோம் என்று ஆங்கிலேயர் காலத்துப் பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டனே எழுதிவைத்திருக்கிறார். பெரிய ஆறுகளின் குறுக்கே ரயில் பாலங்கள் கிணற்று அடித்தளத்தின்மேல் நிற்பதும் அதே மரபின் தொடர்ச்சிதான். இதை வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் சுரங்கத் தொழில்நுட்பம் என்றாலே வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, மெட்ரோவுக்கு வருவோம். வண்ணாரப்பேட்டைவரை ரயில் வந்தது 2019 பிப்ரவரியில். அங்கிருந்து விம்கோ நகர்வரை 9.05 கிலோமீட்டர் நீட்டிப்பு 2021 பிப்ரவரி 14ஆம் தேதி திறந்தது. அதில் தியாகராயா கல்லூரியும் தண்டையார்பேட்டையும் நிலத்தடி நிலையங்கள். அதைத் தாண்டியதும் பாதை மேலேறித் தூண்களின்மேல் ஓடுகிறது. நீங்கள் பட்ட கஷ்டமெல்லாம் அந்த நிலத்தடிப் பகுதியால் வந்தது.

சுரங்கத்தைப் படுக்கவைத்த உறைகிணறு என்று நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் சுமார் 6.6 மீட்டர் விட்டமுள்ள வெட்டுத்தலை சுழன்று மண்ணைச் சுரண்டுகிறது. பின்னாலேயே கான்கிரீட் துண்டுகளைச் சேர்த்து வளையம் வளையமாக உறை பூட்டுகிறார்கள். முடிந்த சுரங்கத்தின் உள்விட்டம் 5.8 மீட்டர். கிணற்றில் உறை தன் எடையால் இறங்கும், இங்கே கடைசியாகப் பூட்டிய வளையத்தை ஜாக்கிகளால் உதைத்து இயந்திரம் முன்னே நகர்கிறது. நல்ல நாளில் எட்டு, பத்து மீட்டர் போகும்.

ஆபத்து முன்முகத்தில். பதினைந்து மீட்டர் ஆழத்தில், தண்ணீர் மட்டம் இரண்டரை மீட்டரில் இருந்தால், பன்னிரண்டு மீட்டருக்கு மேல் தண்ணீர் அழுத்துகிறது. அதோடு மண்ணின் அழுத்தமும் சேரும். கிணற்றுக்காரர் தண்ணீரை நிறைத்து வைத்துச் சமாளித்ததை, இந்த இயந்திரம் வெட்டின மண்ணையே வெட்டுத்தலைக்குப் பின்னால் உள்ள அறையில் நிறைத்து வைத்துச் சமாளிக்கிறது. அறைக்குள் அழுத்தம் வெளியே உள்ளதற்குச் சமமாக இருக்கவேண்டும். குறைந்தால் மணல் உள்ளே பாயும், மேலே தரை இறங்கும். மிஞ்சினால் தரை மேலே உப்பும்.

அந்த அறையிலிருந்து மண்ணை வெளியேற்ற ஒரு திருகுக் குழாய் உண்டு, மாவு மில்லில் இருப்பது போல. களிமண் என்றால் அந்தக் குழாயிலேயே அடைத்துக்கொண்டு அழுத்தத்தைத் தாங்கும். நம் ஊர் மணல் அப்படி அடைக்காது. தண்ணீர் மணலைத் துளைத்துக்கொண்டு குழாய் வழியே பீறிட்டு வந்துவிடும். அதனால் வெட்டும்போதே நுரையும் பாலிமரும் பென்டோனைட் என்கிற ஒருவகைக் களிமண் கரைசலும் சேர்த்து மணலைக் களி பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு நுரை, எவ்வளவு தண்ணீர் என்பது ஒவ்வொரு தெருவுக்கும் மாறும். நேற்று மணல், இன்று களிமண், நாளை இரண்டும் பாதிப் பாதி. பாதிப் பாதிதான் மிகவும் படுத்தும். கீழே கெட்டியும் மேலே தளர்வும் இருந்தால் கெட்டியான பகுதியை வெட்டி முடிப்பதற்குள் தளர்ந்த மணல் தேவைக்கு மேல் உள்ளே வந்துவிடும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி கணக்கு. ஒரு வளையத்தின் நீளம் ஒன்றரை மீட்டர் என்றால், வெட்ட வேண்டியது ஏறக்குறைய ஐம்பது கன மீட்டர் மண். வெளியே வருகிற மண்ணை எடை போட்டு, அள்ளினதும் வெட்டினதும் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வளையத்துக்கும் பார்ப்பார்கள். ஒரு சதவீதம் கூடுதலாக எடுத்தாலே மேலே தரை நடுவில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் இறங்கும். உறைக்கு வெளியே, வெட்டின துளைக்கும் உறைக்கும் நடுவில் ஏறக்குறைய அரைச் சாண் இடைவெளி உண்டு. இயந்திரம் நகர நகர அந்த இடத்தைச் சீக்கிரம் இறுகும் சிமென்ட் கலவையால் உடனே நிரப்பவேண்டும். தாமதித்தால் மணல் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் மேலே பள்ளமாகத் தெரியும்.

இரண்டு சென்டிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். வண்ணாரப்பேட்டை, மண்ணடி வீடுகளை நினைத்துப் பாருங்கள். நாட்டுச் செங்கல், சுண்ணாம்புக் காரை, தேக்கு விட்டத்தின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். வீட்டுக்கு வீடு ஒரே பொதுச் சுவர். முழு வீடும் ஒன்றாக இறங்கினால் ஒன்றும் ஆகாது. ஒரு மூலை மட்டும் இறங்கினால் விட்டம் சுவரிலிருந்து நழுவும். சுண்ணாம்புக் காரைக்கு ஒரு நல்ல குணம், சிமென்ட்டைவிடக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஆனால் பிற்பாடு அதன்மேல் இரண்டு மாடி கான்கிரீட் ஏற்றிய வீடுகளில் அந்தப் பொறுமை கிடையாது. சுரங்கம் போகும் வழியில் சுவர்களில் சின்னச் சின்னப் பிரதிபலிப்பான்கள் ஒட்டியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். சுவர் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று தினமும் அளக்கத்தான் அவை.

இதில் நான் நேரில் அறிந்த ஒரு சிரமம் பழைய கிணறுகள். வடசென்னையில் பழைய வீடு என்றால் கொல்லையில் கிணறு இல்லாமல் இருக்காது. குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர் வந்த பிறகு பலர் குப்பையைப் போட்டு மூடிவிட்டார்கள், மேலே அறையே கட்டிவிட்டார்கள். ஆழ்துளைக் குழாய்களும் அப்படித்தான். சுரங்கத்தின் அழுத்தத்துக்கு அந்தப் பழைய துளை ஒரு திறந்த வாய். நுரையும் சேறும் அதன்வழியே வீட்டுக்குள்ளேயே கொப்பளித்து வந்த சம்பவங்கள் சென்னையில் நடந்தன. அப்படி ஒரு வீட்டுக்குப் போனபோது, சமையலறைத் தரையைத் துடைத்தபடியே அந்த அம்மா, "என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, மாமியார் காலத்துக் கிணறு இங்கேதான் இருந்தது" என்றார். அதன்பிறகு எந்த வேலைக்குப் போனாலும் வரைபடத்தை நம்புவதற்கு முன் அந்தத் தெருவில் வயதான பெண்களைக் கேட்டுவிடுவேன். தண்ணீர் எடுத்தவர்களுக்குத்தான் கிணறு எங்கே இருந்தது என்று தெரியும்.

நிலையம் கட்டுவது வேறு விதமான சண்டை. உங்கள் தெரு அவ்வளவு நாள் அடைபட்டது சுரங்கத்தால் அல்ல, நிலையத்தால். முதலில் நிலையத்தைச் சுற்றி டி-வால் என்கிற ஆழமான கான்கிரீட் சுவரை மண்ணுக்குள்ளேயே வார்க்கவேண்டும். மீட்டர் கணக்கில் ஆழமான குறுகிய அகழியைத் தோண்டினால் மணல் சரியும் அல்லவா, அது சரியாமல் இருக்க அகழி முழுக்க பென்டோனைட் கரைசலை நிறைத்து வைப்பார்கள். திரும்பவும் அதே கிணற்றுக்காரர் கணக்குத்தான். கம்பிக் கூட்டை அந்தக் கரைசலுக்குள் இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட்டை ஊற்ற, அது கரைசலை மேலே தள்ளிக்கொண்டே எழும். சுவரில் எங்காவது ஒரு சின்ன இடத்தில் கான்கிரீட் சரியாக நிரம்பாமல் விட்டுப்போனாலும் பின்னால் தோண்டும்போது அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரோடு மணல் வரும், தெருவில் பள்ளம் விழும்.

சுவர் நின்ற பிறகு உள்ளே தோண்டி அடித்தளம் போட்டால், அடுத்த சிக்கல் மிதப்பு. பலருக்கு இது நம்பமுடியாத விஷயம். தண்டையார்பேட்டை போன்ற ஒரு நிலையம் தண்ணீர் நிறைந்த மணலில் அமிழ்ந்திருக்கும் ஒரு காலிப் பெட்டி. அடித்தளத்துக்கு மேல் பதினான்கு மீட்டர் தண்ணீர் மட்டம் என்றால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் 14 டன் விசை கீழிருந்து மேலே தள்ளுகிறது. காலித் தகர டப்பாவைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், கை உணரும். நிலையத்தின் சுவர், தளம், மேலே கொட்டும் மண் எல்லாம் சேர்ந்த எடை அந்த விசையைவிட அதிகமாக இருக்கவேண்டும். அதனால்தான் அடித்தளம் அத்தனை கனமாக இருக்கிறது. பாதி கட்டிய நிலையில், மேலே எடை ஏறாதபோது ஐப்பசி, கார்த்திகை மழை வந்து நீர்மட்டம் உயர்ந்தால் பொறியாளருக்குத் தூக்கம் இருக்காது.

நிலையச் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் சுரங்க இயந்திரம் உள்ளே வரவேண்டும், வெளியே போகவேண்டும். இரும்புக் கம்பியை வெட்டுத்தலையால் வெட்ட முடியாது. அதற்காக அந்த வட்டத்தில் மட்டும் கண்ணாடி இழைக் கம்பிகளைப் போட்டு வார்க்கிறார்கள். இழுவிசைக்கு இரும்பு போலத் தாங்கும், வெட்டினால் மரம் போல உடையும். எனக்கு மிகவும் பிடித்த புதுமை இது. பெரிய இயந்திரத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், இந்தக் கம்பியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தூண்மேல் போகும் பகுதியில் தலைவலி உப்பு. கடற்காற்றிலும் நிலத்தடி நீரிலும் உள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பெயர்க்கும். எண்ணூர், காசிமேட்டு வீடுகளில் பால்கனி அடியில் கம்பி தெரிவது இதனால்தான். உலைக்கசடுத் தூள் கலந்த சிமென்ட், கம்பியைச் சுற்றிக் கூடுதல் கனம், தண்ணீரைக் குறைத்த கலவை என்று இதற்கு வழி உண்டு. செய்தால் தாங்கும். இடம் இல்லாத ஊர் என்பதால் விம்கோ நகர்ப் பணிமனையையும் மேலே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், பார்க்க வேண்டிய ஒன்று. இரண்டாம் கட்டத்தில் மாதவரம், மூலக்கடை, பெரம்பூர், அயனாவரம் என்று சுரங்கம் போகிறது. மாதவரத்தில் 2022ல் இறக்கிய முதல் இயந்திரத்துக்கு நீலகிரி என்று பேர் வைத்தார்கள்.

அப்புறம், நீங்கள் கேட்ட இன்னொரு பாதி: வேலை முடிந்த பிறகு வேறு தொல்லை முளைக்கிறதே, அது. அதற்குத் துறைமுகத்தைத்தான் பார்க்கவேண்டும். இந்த ஊரின் மிகப் பெரிய கட்டுமானம் அதுதான், இன்றுவரை தீராத கணக்கும் அதுதான்.

சென்னைக்கு இயற்கையாகத் துறைமுகம் இல்லை. திறந்த கடல். கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கும் ஆட்களும் மசூலா படகில் அலையைத் தாண்டி வரவேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது, அலை அடித்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். 1861ல் இரும்புத் திருகுக் கால்களின்மேல் கடலுக்குள் நீளும் ஒரு பாலம் கட்டினார்கள். அது போதவில்லை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் நாட்ட, பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி கடலுக்குள் இரண்டு கைகள் போல அலைத்தடுப்புச் சுவர்களை நீட்டி, கிழக்கே வாசல் வைத்து, நடுவில் அமைதியான நீரை உண்டாக்கும் வேலை தொடங்கியது. கருங்கல்லைக் கொட்டி மேடாக்கி அதன்மேல் கான்கிரீட் பாளங்களை அடுக்கினார்கள். முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் ஒரு புயல். கைகள் இரண்டும் சிதைந்தன. மறுபடி கட்டி முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

புயலைச் சரிசெய்துவிட முடிந்தது. மணலைச் சரிசெய்ய முடியவில்லை. நம் கடலோரத்தில் வருடத்தில் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். வாடைக் காற்றுக் காலத்தில் சில மாதம் அது தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வருடத்துக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. அது ஒரு ஆறு போல, கண்ணுக்குத் தெரியாத மணல் ஆறு. அதன் குறுக்கே கைநீட்டினால்? தெற்குக் கையில் மணல் வந்து தேங்கியது. தேங்கித் தேங்கிக் கரை கடலை விலக்கிக்கொண்டு போனது. இன்று சில இடங்களில் நானூறு மீட்டருக்கு மேல் அகலமாகக் கிடக்கும் மெரினா மணல்வெளி அப்படிப் பிறந்ததுதான். தேங்கின மணல் கையைச் சுற்றிக்கொண்டு கிழக்கு வாசலிலும் நுழைந்து ஆழத்தைக் குறைத்தது. 1904ல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலையே அடைத்துவிட்டு வடகிழக்கில் புது வாசல் திறந்தார். துறைமுகம் பிழைத்தது. அந்த முடிவைப் பொறியியலாகப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்புதான். கட்டி முடித்த வாசலைத் தப்பு என்று ஒப்புக்கொண்டு மூட ஒரு மனத்திடம் வேண்டும்.

ஆனால் தெற்கே தேங்கின மணல் எங்கே போயிருக்க வேண்டியது? ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும். அங்கே அலை முன்போலவே வடக்கே மணலை அள்ளிக்கொண்டுதான் போனது, தெற்கிலிருந்து ஈடு வரவில்லை. கரை கரையத் தொடங்கியது. என் அப்பா பார்த்த கரைக்கும் நான் பார்த்த கரைக்கும் சம்பந்தமே இல்லை. குப்பங்களில் வீடு, தெரு, கோயில் என்று வரிசை வரிசையாகக் கடலுக்குள் போனதைப் பெரியவர்கள் இன்றும் கை நீட்டிக் காட்டுவார்கள்: "அதோ அலை உடையுதே, அங்கேதான் எங்கள் வீடு." கருங்கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். கல்லில் மோதிய அலை திரும்பும்போது அடிமணலை இன்னும் தோண்டியது, கல் உட்கார்ந்தது, மேலே மேலே கல் கொட்டினார்கள்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ராயபுரத்துக்கு வடக்கே ஐஐடி வல்லுநர்களின் ஆலோசனையோடு தூண்டில் வளைவுகள் போட்டார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் வரிசைகள், ஒவ்வொன்றும் தன் தெற்குப் பக்கம் கொஞ்சம் மணலைப் பிடித்து வைக்கும். சாலை தப்பித்தது, சின்னச் சின்னக் கடற்கரைகள் திரும்பி வந்தன. உண்மையிலேயே நல்ல வேலை. ஆனால் கடைசி வளைவுக்கு வடக்கே இருக்கிற குப்பத்தை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு வரவேண்டிய மிச்ச மணலையும் தெற்கே உள்ளவை பிடித்துவிட்டன. அவர்களுக்கும் வளைவு போட்டால் அதற்கும் வடக்கே உள்ளவருக்கு. இப்படியே பிரச்சினை எண்ணூர் நோக்கி நகர்ந்தது. அங்கே 2001ல் வட சென்னை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்க இன்னொரு துறைமுகம் வந்தது, இன்னும் நீளமான கைகளோடு. அதன் தெற்கே மணல் தேங்கி, கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தை அடிக்கடி தூர்வார வேண்டியிருக்கிறது.

இப்போது சுரங்கத்தையும் துறைமுகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுரங்கத்தில் ஒரு வளையத்துக்குச் சில கன மீட்டர் மணல் கணக்கில் இடித்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு விசாரிப்பார்கள். காரணம், கணக்கு தப்பினால் சில நாட்களில் நேர் மேலே இருக்கிற வீடு வெடிக்கும், யார் பொறுப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். கடலோரத்தில் லட்சக்கணக்கான கன மீட்டர் விட்டுப்போகிறது. பலன் பத்து கிலோமீட்டர் வடக்கே, இருபது முப்பது வருடம் கழித்து, ஒரு மீனவர் வீட்டில் தெரியும். அதற்குள் கட்டினவர்களும் இல்லை, ஒப்புதல் கொடுத்தவர்களும் இல்லை. ஆகவே அதற்குக் கணக்குப் புத்தகமே யாரும் தொடங்கவில்லை. தொழில்நுட்பம் போதாமல் நடந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. மணல் வடக்கே போகிறது என்று ஸ்பிரிங் காலத்திலேயே தெரியும்.

தீர்வும் தெரிந்ததுதான். தெற்கே தேங்கும் மணலை வாரிக் குழாய் வழியாக வடக்கே கொண்டுபோய்க் கொட்டுவது. விசாகப்பட்டினத்தில் 1930களில் இரண்டு பழைய கப்பல்களை வாசலுக்குப் பக்கத்தில் மூழ்கடித்து அலைத்தடுப்பாக்கி, அதன் மறைவில் மணல் தேங்குமாறு செய்தார்கள். தேங்கும் மணலைத் தூர்வாரி வடக்கே உள்ள கடற்கரைக்கு அனுப்பும் பழக்கம் அங்கே உண்டு. புதுச்சேரியிலும் துறைமுகம் வந்த பிறகு நகரக் கடற்கரை காணாமல் போய், வெறும் கல்தான் மிஞ்சியிருந்தது. நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை இரும்பில் செய்து இறக்கி, மணலும் கொட்டினார்கள். சில வருடத்திலேயே கடற்கரை ரோட்டுக்கு முன்னால் குழந்தைகள் மணலில் விளையாடுகிறார்கள். பள்ளிக்கரணைக்காரர்கள் புதுச்சேரிக்குச் செய்ததை எண்ணூருக்கும் செய்ய முடியும். ஒவ்வொரு வருடமும் செலவு பிடிக்கும், ஒரு முறை செய்துவிட்டுக் கல்வெட்டு வைத்துவிட்டுப் போகிற வேலை இல்லை. கட்டுமானச் செலவோடு, அந்தத் துறைமுகம் இருக்கும்வரை மணலை வடக்கே கொண்டுபோகும் செலவையும் முதல் நாளே சேர்த்து எழுதவேண்டும் என்பது என் கருத்து. அதைச் சேர்த்தபிறகும் திட்டம் லாபம் என்றால் கட்டட்டும்.

உங்கள் பெண்ணுக்கு எதைக் காட்டுவது என்று கேட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முதலில் தண்டையார்பேட்டை நிலையத்தில் இறங்கி நடைமேடைவரை போகட்டும். அந்தப் பெட்டியின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்து, எத்தனை டன் விசை அதை மேலே தள்ளுகிறது என்று அங்கேயே நின்று ஒரு தாளில் போட்டுப் பார்க்கட்டும். பிறகு ரயிலேறி விம்கோ நகர் போய், அங்கிருந்து ஆட்டோவில் எண்ணூர் விரைவுச் சாலைக்கு வாருங்கள். ஏதாவது ஒரு தூண்டில் வளைவின்மேல் ஏறி முதலில் தெற்கே பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் வடக்கே. ஒரு பக்கம் மணல் நிறைந்தும் மறுபக்கம் கரை உள்வாங்கியும் இருக்கும். எத்தனை அடி வித்தியாசம் என்று அவள் காலடியால் அளந்து குறித்துக்கொள்ளட்டும். ஆடியில் ஒரு முறை, தையில் ஒரு முறை அதே வளைவில் அளந்தால் மணல் எந்தப் பக்கம் நடக்கிறது என்று அவளுக்கே தெரிந்துவிடும். அங்கே வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களிடம் பழைய கரை எங்கே இருந்தது என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் அந்தக் கல்லின்மேல் நிற்க முடியாது, பாசி பிடித்த கல்லில் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.